யாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம்?

(ஆய்க்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடும்பமும் விடுமுறையும் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரில் போய் இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறார்களே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் திட்டம் போட்டு, லீவு சொல்லி, வேன் பிடித்து வருகிற இடம் அது. நாம் தென்காசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு இன்னொரு பஸ் என்று ஏறிப் போய்க் குளித்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். எங்கே போகலாம் என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. எனக்கு இருப்பது ஒரு கேள்வி. போகும்போது யாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம்?

அதற்கு வருவதற்கு முன், நம் ஊர் ஆண்டு எப்படிச் சுற்றுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். அந்தச் சுற்றில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏப்ரலில் முழுப்பரீட்சை முடியும். சென்னையில் இருக்கிற மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து தென்காசியில் இறங்குவார்கள். பையை வைத்த கையோடு பிள்ளைகள் "அருவிக்குப் போவோம்" என்று நிற்கும். அங்கே போனால் பெரும்பாலும் பாறைதான் இருக்கும். கோடை மழை மனம் வைத்தால் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் வடியும். அதற்கும் ஒரு வரிசை நிற்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். பிள்ளைகளை ரயில் ஏற்றிவிட்டு வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் மேற்கிலிருந்து காற்று வரும், முகத்தில் தூறல் படும். "குத்தாலத்துல தண்ணி விழ ஆரம்பிச்சிட்டு அண்ணாச்சி" என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போவார். பள்ளிக்கூடமும் அருவியும் ஒரே மாதத்தில் திறக்கிற ஊர் நம்முடையது. விடுமுறையை அரசாங்கம் தீர்மானிக்கிறது. சீசனைக் காற்று தீர்மானிக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதே இல்லை.

அந்தக் காற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. ஆனால் கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வாய்த்ததுபோல் நமக்குச் செங்கோட்டைக் கணவாய் வாய்த்திருக்கிறது. ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. நம் காய்கறி லாரி கேரளத்துக்குப் போவது அந்த வழியாக. கொல்லம் ரயில் போவதும் அந்த வழியாக. மேகமும் காற்றும் நம்மைத் தேடி வருவதும் அதே வழியாகத்தான். சுரண்டைப் பக்கம் நிற்கிற காற்றாலைகள் எல்லாம் அந்தக் கணவாயை நம்பி நட்டவை. ஆனி, ஆடி முழுதும், ஆவணியில் பாதி என்று ஏறக்குறைய இரண்டரை மாதம் இந்தப் பக்கத்தில் வெயிலும் சாரலும் மாறி மாறி வரும். துணி காயாது. வத்தல், வடகம் போட முடியாது. அதற்காக யாரும் வருத்தப்படுவதும் இல்லை.

சீசனில் ஊர்க்காரர்கள் சனி ஞாயிறுகளில் குற்றாலம் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அது வெளியூர்க்காரர்களின் நாள். நம் நாள் செவ்வாய், புதன். வேலை முடிந்து வந்த அப்பா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்து, "வாங்கலே, ஒரு குளியல் போட்டுட்டு வந்துருவோம்" என்பார். திட்டம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு துண்டு, மாற்றுத் துணி, ஒரு பை. பேரருவியில் கூட்டமா, ஐந்தருவிக்குப் போ. அங்கேயும் கூட்டமா, பழைய குற்றாலம். சின்னப் பிள்ளைகள் என்றால் புலியருவி. குளித்து முடித்ததும் பல் தந்தியடிக்கும். ரோட்டோரத்தில் ஒரு சூடான பஜ்ஜியும் டீயும் உள்ளே போனால்தான் பேச்சு வரும். தள்ளுவண்டியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்திருப்பார்கள். பிள்ளைகள் கேட்கும், நாம் விலையைக் கேட்டுவிட்டு நகர்வோம், கடைசியில் கால் கிலோ வாங்குவோம்.

பேரருவியின் அமைப்பைப் பாருங்கள். மலை உச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுந்தால் அந்தத் தண்ணீரைத் தாங்கவே முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குழி இருக்கிறது. தண்ணீர் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து பிறகுதான் கீழே இறங்குகிறது. அதனால்தான் அருவியின் அடியில் போய் நின்று குளிக்க முடிகிறது. பல ஊர்களில் அருவியைத் தள்ளி நின்று பார்ப்பார்கள். இங்கே அதற்குள்ளே நிற்கிறோம். குற்றாலம் குடும்பங்களின் இடமாக ஆனதற்கு அந்தக் குழிதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

குற்றாலம் என்றதும் ரசிகமணி டி.கே.சி.யை நினைக்காமல் போக முடியாது. 1882-இல் பிறந்து 1954-இல் மறைந்த அந்தத் தமிழறிஞர், தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், இன்னும் எத்தனையோ பேர் வந்தார்கள். வந்தவர்களுக்கு அருவிக் குளியல், வயிறாரச் சாப்பாடு, அதற்குப் பிறகு கம்பன். அந்த வீட்டின் விருந்தோம்பலைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. அதை நான் இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. டி.கே.சி.க்குக் குற்றாலம் சுற்றுலா போகிற இடமாக இருக்கவில்லை. குடித்தனம் நடத்துகிற இடமாக இருந்தது. விருந்தாளிகள் கம்பனைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே தோசைக்கல் சூடாகிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ரசித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும். கல்லுக்கு முன்னால் நின்றவர்கள் பெயரை எத்தனை பேர் எழுதி வைத்தார்கள்?

இனி ஆண்டைச் சுற்றி வருவோம். ஆடியில் சங்கரன்கோவில் ஆடித்தபசு. கோமதி அம்மன் தவமிருந்து சங்கரநாராயணர் காட்சி பெறுகிற நாள். காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் தவசத்தையும் விவசாயிகள் அம்மனுக்குச் சூறை விடுவார்கள். அதே நாட்களில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டைப் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். மணிரத்னத்தின் 'ரோஜா' 1992-இல் வந்த பிறகு சுந்தரபாண்டியபுரத்தைப் பார்க்கவே ஆள் வர ஆரம்பித்தது. இப்போது கைப்பேசி வந்து, கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பூவைப் பார்க்க வருகிறார்கள். வரட்டும். செடியை மிதிக்காமல் வரப்பில் நின்று படம் எடுத்தால் விவசாயிக்கும் சந்தோஷம். ஆவணியில் அவர்களுக்கு ஓணம். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்தும் சுரண்டையிலிருந்தும் காய்கறி மலையேறுகிறது. அந்த வீடுகளின் விருந்து நம் வீடுகளின் வேலை. அதனால் ஓணத்துக்கு முந்திய வாரம் இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் யாரையும் எங்கேயும் கூப்பிட முடியாது.

ஐப்பசியில் காட்சி மாறும். வடகிழக்குப் பருவமழை இறங்கும். சாரலுக்கு விழுகிற அருவி வேறு, ஐப்பசி வெள்ளத்துக்கு விழுகிற அருவி வேறு. குளிக்கத் தடை என்று அறிவிப்பார்கள். குற்றாலநாதர் கோவிலில் ஐப்பசி விசு நடக்கும். நம் ஊரில் பாலசுப்பிரமணியருக்குக் கந்த சஷ்டி. அந்த நாட்களில் ஆய்க்குடிக்காரர்கள் எங்கேயும் போக வேண்டாம். உலகம் இங்கே வரும். மாப்பிள்ளை வருவார், மைனி வருவாள், எந்த வழிச் சொந்தம் என்று தெரியாத பெரியப்பா ஒருவரும் வருவார். வீட்டுக்குள் பாய் விரிக்க இடம் இருக்காது.

முருகனைச் சொல்லிவிட்டுப் படிப்பாயசத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுவீர்கள். பிள்ளை வரம் வேண்டிக்கொண்டவர்கள், வேண்டுதல் பலித்ததும் பாயசம் காய்ச்சி, அனுமன் நதிக் கரையில் கழுவி விட்ட கல் படிகளில் ஊற்றுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அந்தப் படியிலிருந்தே கையால் வழித்துச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பாலமுருகனும் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பது நம்பிக்கை. நான் அதை நம்பிக்கை என்ற அளவிலேயே சொல்கிறேன். ஆனால் அதன் ஏற்பாட்டைக் கவனியுங்கள். இலை கிடையாது, தட்டு கிடையாது, பந்தியில் முதல் வரிசை, கடைசி வரிசை கிடையாது. எந்தத் தெருப் பிள்ளை, என்ன சட்டை போட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கில்லை. பிள்ளைகள்தான் விருந்தாளிகள், பெரியவர்கள் சுற்றி நின்று பார்க்கிறவர்கள். ஒரு வீட்டின் சந்தோஷத்தை ஊரின் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக்குகிற வழக்கம் இது.

அந்த அனுமன் நதி எங்கிருந்து வருகிறது? மேக்கரையிலிருந்து. அங்கே அதன் குறுக்கேதான் அடவிநயினார் அணை. உயரம் 132 அடி. சீசனில் நாளிதழைப் பிரித்தால் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் அரசியலுக்குப் போவார்கள். அணை நிறைந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர். பிசானத்துக்கும் நம்பிக்கை. அணை நிறைந்தால் குடும்பத்தோடு மேக்கரைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவதும் உண்டு. வழியில் பண்பொழி திருமலைக் கோவில். ஏறினால் முருகன், இறங்கினால் கட்டிக் கொண்டுபோன புளியோதரை. வருகிற தண்ணீரைப் பார்க்கப் போவதையே ஓர் உலா என்று வைத்துக்கொண்ட ஊர் இது. விவசாயம் செய்கிற வீட்டில் வேலைக்கும் வேடிக்கைக்கும் நடுவில் சுவர் கிடையாது.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்களின் காலம். ஆந்திரத்துக்காரர்களும் கர்நாடகத்துக்காரர்களும் அருவியில் குளித்துவிட்டு மலையேறுவார்கள். மார்கழி முதல் நாளை ஒட்டி அச்சன்கோவில் ஐயப்பனுக்கு அணிவிக்கிற ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு வரும். தென்காசி காசி விஸ்வநாதர் கோவில் முன்னால் அதற்கு வரவேற்பு. ஒரு மாநிலத்தின் கருவூலத்திலிருந்து புறப்படுகிற பெட்டி, நம் மாநிலத்து ஊரில் நின்று, மாலை வாங்கிக்கொண்டு, திரும்பவும் அந்த மாநிலத்துக்குள் போகிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லைக் கோடு நகர்ந்தது, பெட்டி வருகிற பாதை நகரவில்லை. அதே மார்கழியில் குற்றாலம் சித்திர சபையில் திருவாதிரை. வீட்டில் களியும் ஏழு காய்கறிக் கூட்டும்.

தை மாதத்தில் நம் பக்கத்துக்கே உரிய ஒன்று உண்டு. சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுதும் பெண் பிள்ளைகள் விடியற்காலையில் கோலம் போட்டு, சாணியில் பூசணிப் பூ வைத்து, அந்தப் பூக்களைச் சாணியோடு சேர்த்து வறட்டியாகத் தட்டி வைப்பார்கள். முற்றத்தில் மண்ணால் ஒரு சின்ன வீடு. வாசல் உண்டு, அடுப்படி உண்டு. தையில் அந்தச் சின்ன வீட்டுக்கு முன்னால் பிள்ளைகள் தாமே பொங்கலிட்டு, பூ வறட்டியை ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். கும்மியும் பாட்டும் உண்டு. பெண் பிள்ளைகள் தலைமை தாங்கி, பெரியவர்கள் துணைக்குப் போகிற ஒரே ஆற்றங்கரைப் பயணம் அதுதான். இன்று அது குறைந்துவிட்டது. முற்றத்தில் சிமெண்டு போட்டுவிட்டோம். மாடு இல்லாத வீட்டில் சாணிக்கு எங்கே போவது? பெண் பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறது. அதற்காகப் பழையபடி எல்லோரும் மாடு வளருங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த ஒரு நாள் முழுதும் பெண் பிள்ளைகள் சொன்னபடி வீடு நடந்தது. அதற்கு ஈடாக இப்போது எந்த நாளைக் கொடுத்திருக்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

பங்குனி உத்திரம். இதைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நம் மாவட்டத்துக்கும் திருநெல்வேலிக்கும் அன்றைக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஏனென்றால் விடாவிட்டாலும் ஒருவரும் அலுவலகத்துக்கு வரப் போவதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா. அவர் குளத்தங்கரையில் இருப்பார், காட்டுக்குள் இருப்பார், நாலு கல் நடந்தால்தான் எட்டுகிற இடத்தில் இருப்பார். துபாயில் இருக்கிறவனும் தூத்துக்குடியில் இருக்கிறவனும் அங்கே வந்து நிற்பான். கிடாரம் ஏறும். வசதியான குடும்பம் என்றால் தவசுப்பிள்ளையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் கூடிச் சமைப்பார்கள். மரத்தடியில் பாய் விரித்து, யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு எத்தனை மார்க், எந்த வரப்புத் தகராறு தீர்ந்தது என்று ஓராண்டுக் கணக்கும் அங்கே முடியும். கைக்குழந்தையிலிருந்து கொள்ளுத்தாத்தா வரை வந்தாக வேண்டும். வராவிட்டால் சாமி கேட்கும் என்ற பயம் ஒரு பக்கம். பெரியம்மை கேட்பாள் என்ற பயம் அதைவிடப் பெரிது.

இத்தனையையும் வரிசையாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. படிப்பாயசம், சிறுவீட்டுப் பொங்கல், சாஸ்தா கோவில் மூன்றையும் பாருங்கள். ஒன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்குமானது. ஒன்று பெண் பிள்ளைகள் நடத்துவது. ஒன்று குடும்பத்தில் யாரையும் விடாமல் கூட்டிப் போவது. நம் பெரியவர்கள் போட்டுவைத்த பயணங்களில் யார் வர வேண்டும் என்பது வழக்கத்துக்குள்ளேயே இருந்தது. எங்கே போகிறோம் என்பது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு நாம் போடுகிற திட்டம் தலைகீழாக இருக்கிறது. முதலில் இடம். அப்புறம் வண்டி. வண்டியில் ஏழு பேர் போகலாம், வீட்டில் ஒன்பது பேர். மீதி இரண்டு பேர் யார்?

அந்த இடத்தில் ஒரு உரையாடல் எல்லா வீட்டிலும் நடக்கும்.

"ஆச்சி, நீங்க வரலையா?"

"நான் எதுக்குய்யா? கால் இழுத்துக்கிட்டு... நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்."

கேட்டவனுக்கும் நிம்மதி. ஆனால் கேள்வி எப்போது கேட்கப்பட்டது? வண்டி வாசலுக்கு வந்து, எல்லோரும் செருப்புப் போட்ட பிறகு. பழைய குற்றாலத்துக்கு முடிவு பண்ணியாயிற்று, அங்கே படி ஏற வேண்டும் என்று ஆச்சிக்குத் தெரியும். இதற்குப் பெயர் அழைப்பா? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆச்சிகளுக்கு உண்மையிலேயே வீடு காலியாக இருப்பது பிடிக்கும். டிவி அவர்கள் கையில், கட்டில் அவர்கள் கையில், யாருக்கும் காப்பி போட வேண்டியதில்லை. அப்படி விரும்பி இருப்பவரை இழுத்துக்கொண்டு போவதும் கொடுமைதான். நாள் குறிக்கும் முன்பே கேட்டு, இடத்தை அவருக்கும் ஏற்றதாக வைத்து, அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், அதுதான் அவருடைய விருப்பம்.

இந்த ஊரில் நின்று இதைப் பேசும்போது மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் ஊர்ப் பிள்ளை எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போனார். தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஊருக்குத் திரும்பி வந்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் குடும்பம் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். உள் அறையில் கட்டில் போடும். அன்பாகத்தான் பார்த்துக்கொள்ளும். ஆனால் வாசலுக்குக் கொண்டுவராது. அவர் 1981-இல், ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த அந்த ஆண்டில், ஓர் ஓலைக் கொட்டகையில் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை அதற்கு வைத்தார். 1992-இல் தசைச் சிதைவு நோய் கொண்ட பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் வந்து சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்றைக்குச் சங்கத்தின் ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போய், சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள்.

அவர்கள் செய்த வேலையின் பெரிய பலன் மருத்துவத்தில் மட்டும் இல்லை என்பேன். நம் தெருக்களில் சக்கர நாற்காலி சாதாரணக் காட்சி ஆகிவிட்டது. டீக்கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரிலும், சீசன் வந்தால் சக்கர நாற்காலிக்காரர் குற்றாலத்துக்கு வருவது எளிதாக இருக்கிறதா? சின்னக் கூழாங்கல், பாசி பிடித்த பாறை, இடித்துத் தள்ளுகிற கூட்டம். நடக்கத் தெரிந்தவர்களே வழுக்கி விழுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பண்பாட்டு வாழ்க்கையிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுப்பதை உரிமை என்று சொல்கிறது. பொழுதுபோக்கு உரிமை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்றால் நம்மில் பலர் நம்பமாட்டோம்.

முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னை மெரினாவைக் காட்டலாம். 2022 நவம்பரில் அங்கே சக்கர நாற்காலி அலைக்குப் பக்கம் வரை போகும்படி 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை போட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கடற்கரையைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் அன்றைக்குக் கால் நனைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. திரும்பச் சரிசெய்தார்கள். புயல் அடிக்கிற கடற்கரையிலேயே செய்ய முடிந்தால், அனுமன் நதிப் படித்துறைக்கு ஒரு சரிவுப் பாதை, அணைக் கரையில் கைப்பிடியும் உட்கார ஒரு பலகையும், அருவிகளில் பெண்களும் முதியவர்களும் பயன்படுத்தும்படி கழிப்பறை, இதெல்லாம் நம்மால் முடியாதா? 2019 நவம்பர் 22 முதல் நாம் தனி மாவட்டம். கேட்பதற்குத் திருநெல்வேலி வரை போக வேண்டியதும் இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பயணத்துக்கு வருவார், ஆனால் வந்ததாகக் கணக்கில் வரமாட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கூட்டாஞ்சோறு கிளறி, புளியோதரை கட்டி, வத்தல் பொரித்து, பிள்ளைக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்து, அருவிக் கரையில் எல்லார் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லோரும் குளித்து வந்த பிறகு, "நீயும் ஒரு முங்கு போட்டுட்டு வா, நேரம் ஆகுது" என்போம். இரவு வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணி மூட்டை அவருக்காகக் காத்திருக்கும். நமக்கு விடுமுறை, அவருக்கு வேலை இடம் மாறியிருக்கிறது. இதற்கு மாவட்ட நிர்வாகத்திடம் மனுக் கொடுக்க வேண்டாம். பையை நாம் பிடித்துக்கொண்டால் போதும்.

எளிதாக எல்லோரும் போகக்கூடிய பயணங்களும் நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை 2018-இல் அகல ரயில் பாதை திறந்தாயிற்று. ஜன்னல் ஓரத்தில் ஆச்சியை உட்கார வைத்தால் சுரங்கம், காடு, பதிமூன்று கண் பாலம் எல்லாம் தானே கண்முன் வந்து போகும். நடக்க வேண்டியதில்லை. தென்காசிக் கோபுர வாசலில் சாயங்காலம் போய் நின்றால் காற்று தள்ளும். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எடுத்த கோவில். இடிந்து நின்ற கோபுரத்தைப் புதிதாகக் கட்டி 1990-இல் குடமுழுக்கு நடந்ததை இங்கே இருக்கும் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையைப் பேரன் அந்த வாசலில் நின்று உங்களிடம் கேட்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோனது. அது சீசன் இல்லை, கோடை. மேயில் என்ன தண்ணீர் வரப்போகிறது என்ற நினைப்பே ஆபத்தானது. நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மலைக்கு மேலே மழை கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால், அந்த நொடியே வெளியே வர வேண்டும். இது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த பாடம். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் கரையில் நின்று மலையைப் பார்க்கிற கண்ணையும் விட்டுவிட்டுப் போகிறோம் என்று அர்த்தம். துணைக்கு வருகிற முதியவரைச் சுமையாக நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியம் இல்லை. அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும் முன், வீட்டில் வெளியே போவது யாருக்கு அதிகக் கஷ்டமோ அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சொல்கிற இடம், அவருக்குத் தோதான நேரம். மற்றவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். வீட்டுக் காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுதோறும் ஒரே ஆள் வேண்டாம். சமையலை ஆண்களும் சேர்ந்து செய்யுங்கள். சாஸ்தா கோவிலில் கிடாரம் தூக்கத் தெரிந்த கைக்கு வீட்டில் கரண்டி பிடிப்பது கஷ்டமாக இருக்காது.

பங்குனி உத்திரத்துக்கு வேன் பேசும்போது ஒன்று செய்யுங்கள். படி எவ்வளவு உயரம், சக்கர நாற்காலியை மடக்கி வைக்க இடம் இருக்கிறதா என்று டிரைவர் அண்ணாச்சியிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வாடகையை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.